தப்பு என் மேலதான்

மார்ச் 6

அன்புள்ள சில்வண்டுக்கு,

கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. உன் அண்ணிதான். இடது கையால் எழுதுகிறேன். வரியெல்லாம் மாடிப்படி ஏறுகிறது. படிக்கச் சிரமமாக இருக்கும், மன்னித்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை கடையில் வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். மருந்துக்கடையைத் தாண்டி, நடைபாதையில் ஓரமாக நின்று பைக்குள் வீட்டுச் சாவியைத் தேடினேன். ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரி பைக் ஒன்று நடைபாதை மேல் ஏறி வந்து என்னை இடித்துவிட்டது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. உள்ளே தகடு வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் மூக்குக்கண்ணாடிக்கெல்லாம் ஸ்க்ரூ முடுக்கினேன். இப்போது எனக்கே முடுக்கிவிட்டார்கள்.

ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மீசை பாதி நரைத்திருந்தது. என்னைவிட அதிகமாக நடுங்கினார். பார்க்கவே பாவமாக இருந்தது. "தப்பு என் மேலதாங்க, நான்தான் குறுக்க வந்துட்டேன். நீங்க கிளம்புங்க, சாப்பாடு ஆறிடும்" என்றேன். அவர் போகவில்லை, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தார். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது அவரிடமும் தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மறுநாள் டெலிவரி கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி பழக்கூடையோடு வந்தார். ரொம்ப மரியாதையான மனுஷன். போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பேசினார். "எல்லாருக்கும் வீண் சிரமம், மன்னிச்சிடுங்க" என்றேன். இரக்கத்தின் பேரில் ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிறார்களாம். எனக்கு யார் மீதும் புகார் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். கையில்தான் கட்டுப் போட்டிருக்கிறதே, அதனால் அடுத்த வாரம் வருகிறேன் என்று போயிருக்கிறார். உன் அண்ணன் போட்டுவிடச் சொல்கிறார். நீ வக்கீல் ஆபீசில் இருக்கிறவள், என்ன சொல்கிறாய்?

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து நம் பேச்சு கடிதத்தில்தானே ஓடுகிறது. வேலை நேரத்தில் உனக்குத் தொந்தரவு, அதற்கும் மன்னித்துக்கொள்.

பையனிடம் காலில் சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ உளறிவிடாதே.

அன்புடன்,
உன் இடதுகை அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டு டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு வழக்கம்போல் சிவப்புப் பேனாவை எடுத்து, மன்னிப்புக் கேட்ட இடங்களுக்கெல்லாம் கோடு போட்டேன். ஐந்து. கையெழுத்துக்காக ஒன்று, இடித்தவருக்கு ஒன்று, போலீஸுக்கு ஒன்று, பழக்கூடைக்கு ஒன்று, கடைசியாக எனக்கு ஒன்று. எலும்பு உடைந்து கிடக்கும்போதும் கை தாராளம். வழக்கம்போல் கோடு போட்ட கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், கடிதங்களைப் போட்டு வைக்கும் உங்கள் கண்ணாடிப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இடது கையாலும் கூடாது, கட்டைவிரலாலும் கூடாது. அது இரக்கத் தாள் இல்லை அண்ணி. அதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு விரல் மடங்கவில்லை என்றாலும் நீங்கள் போய்க் கேட்க ஒரு வாசலும் இருக்காது. அண்ணனிடம், உன் தங்கை சொன்னாள் என்று சொல்லுங்கள். அவன் முறைத்தால் கடிதத்தை நீட்டுங்கள்.

எங்கள் வக்கீலம்மாவிடம் கேட்டேன். இடித்தவர் மேல் மட்டும் கேஸ் போடலாம். ஆனால் அவருடைய இன்சூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கு எடுத்தது, டெலிவரிக்குப் போனால் செல்லாது என்று கை விரித்துவிடுவார்கள். அந்த மனுஷனிடம் விற்பதற்கு அந்த பைக்தான் இருக்கும். அதனால் விபத்துத் தீர்ப்பாயத்தில் அவர், கம்பெனி, கம்பெனியின் இன்சூரன்ஸ் மூன்று பேரையும் சேர்த்து மனுப் போட வேண்டும் என்கிறார். அந்த நேரத்தில் அவர் கம்பெனியின் சாப்பாட்டைத்தானே சுமந்துகொண்டு போனார். "அவர் எங்க ஊழியர் இல்ல, எங்க பங்காளர்னு சொல்லுவாங்க பாரு. அப்ப லாபத்துல பங்கு எங்கன்னு கேப்போம்" என்று வக்கீலம்மா இப்போதே கோட்டுக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மருந்துக்கடை வாசலில் கேமரா இருந்தால் அந்த நாள் பதிவை வாங்குங்கள். சில கடைகளில் பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்காமல் கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அந்த நல்ல அதிகாரி மறுபடி வந்தால் தண்ணீர் கொடுங்கள், பதில் கொடுக்காதீர்கள்.

வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே. அதை எழுதுங்கள்.

பையனுக்கு என் அன்பு.

உங்கள்
சில்வண்டு


மார்ச் 19

அன்புள்ள சில்வண்டுக்கு,

வலி இருக்கிறது. கேட்டதற்காக எழுதிவிட்டேன்.

மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. அவரைத் தொந்தரவு செய்யக் கூச்சமாகிவிட்டது. அரை மணி நேரம் நின்றுவிட்டு, இல்லாத இருமலுக்கு ஒரு மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. மறுநாள் உன் அண்ணன் போய் வாங்கி வந்தார். பதிவு இருக்கிறது, ஆனால் பாதிதான். பைக் நடைபாதை மேல் ஏறுவது நன்றாகத் தெரிகிறது. நான் நின்ற இடத்தைக் கடையின் போர்டு மறைத்துவிட்டது. நான் நின்றேனா குறுக்கே போனேனா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

என்னை இடித்த பைக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவராம். நேரத்துக்குச் சாப்பாடு போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆர்டர் கொடுக்க மாட்டார்களாம், அதனால்தான் ஏறினேன் என்றார். "நீங்க குறுக்க வந்தீங்கன்னு எழுதித் தரச் சொல்றாங்க. இல்லன்னா ஆர்டர் வர்ற ஐடிய முடக்கிடுவாங்க. எனக்கு வேற வழி தெரியலங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது, சொல்லு.

அதிகாரி மறுபடி வந்தார். நீ சொன்னபடி தண்ணீர் மட்டும் கொடுத்தேன். மூன்று டம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

பையனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உன் அண்ணன்தான் ஸ்பீக்கரில் உளறினார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, நாலு நாள் இருந்து எனக்குச் சமைத்துப் போட்டான். எனக்குக் குளிக்க வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அந்தச் சுட்ட தழும்பு. கை வளர வளர அதுவும் கூடவே வளர்ந்திருக்கிறது. "அம்மா, இப்ப நம்ம ரெண்டு பேர் கையும் ஜோடி" என்று சிரித்தான்.

கடையில் என் ஸ்டூலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாராம் முதலாளி. அதற்காவது சீக்கிரம் குணமாக வேண்டும்.

அன்புடன்,
அண்ணி

மருந்துக்கடை விஷயத்தில் நான் தாமதம் செய்தது தப்புதான். கோடு போட்டுக்கொள்.


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

ஒன்றுதான். முன்னேற்றம். கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன்.

மனுவைப் போட்டாயிற்று. கம்பெனியிடமிருந்து பதிலும் வந்துவிட்டது. நான்தான் அதைப் பிரித்து ஃபைலில் சேர்த்தேன். அவர் எங்கள் ஊழியர் அல்ல என்று ஒரு பக்கம். அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது பக்கத்தில், விபத்து தன் தவறால் நடந்தது என்று காயமடைந்தவரே மூன்று பேரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார், அதற்குப் போலீஸ் குறிப்பும் குரல் பதிவும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணி, நீங்கள் மரியாதைக்குச் சொன்ன வார்த்தையைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

"உங்க அண்ணி ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு நாம விளக்கணும். அத விளக்கிட்டா கேஸ் நிக்கும். இல்லன்னா கேமரா இருந்தும் பிரயோஜனமில்ல" என்கிறார் வக்கீலம்மா. உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல வேண்டுமாம். நானே சொல்கிறேன் என்றேன். துணிக்கடைப் பொம்மையை இடித்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன். என் கல்யாணத்தன்று மழை பெய்ததற்கு வந்தவர்களிடமெல்லாம் நீங்கள் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன். உங்களைக் கடித்த நாயின் சொந்தக்காரியை நீங்கள் சமாதானப்படுத்தியதைச் சொன்னேன். ஆபீசே சிரித்தது.

வக்கீலம்மாவும் சிரித்துவிட்டு, "இதெல்லாம் வாய் வார்த்தைம்மா. எதிர்த்தரப்பு ஊதித் தள்ளிடும். வேற யாரோ செஞ்ச பெரிய தப்ப, தனக்குக் கெடுதல்னு தெரிஞ்சும் தன் தலையில போட்டுக்கிட்டது உண்டா? அப்படி ஒண்ணு இருந்தா சொல்லு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

விரல் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். பையனுக்கு என் அன்பு.

உங்கள்
சில்வண்டு


ஏப்ரல் 17

அன்புள்ள சில்வண்டுக்கு,

நேற்றுக் கடைக்குப் போனேன். முதலாளி வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் கேட்காமல் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு சின்னப் பெண்ணின் கண்ணாடி, காது பக்கக் கம்பி கழன்றிருந்தது. பல தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. ஸ்க்ரூவை எடுத்தேன், விழுந்தது. மறுபடி எடுத்தேன், விழுந்தது. மூன்று விரலில் உணர்ச்சியே இல்லை, பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று பார்த்தால்தான் தெரிகிறது. அந்தப் பெண் கீழே குனிந்து எனக்காகத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முதலாளி வந்து தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் பின்பக்கம் போய், லென்ஸ் தேய்க்கும் மெஷினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அண்ணன் ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது. வீடு நடந்தது இந்தக் கையில்தான். அதையும்விட, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் நான் கெட்டிக்காரி. வேறெங்கும் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

உங்கள் வக்கீலம்மா போன் செய்தார். "இதுக்கு முன்னால வேற யாரோட தப்பையாவது உங்க தப்புன்னு ஏத்துக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் இல்லை என்றேன். அப்படியானால் கஷ்டம்தான் என்றார்.

அதனால் யோசித்துவிட்டேன். அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாம். நீ பட்ட பாடெல்லாம் வீணாகிறது, மன்னித்துக்கொள். இனி இதற்காக நீ அலைய வேண்டாம்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வக்கீலம்மாவிடம் நீங்கள் இல்லை என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்டு அண்ணி. அவர் என்னிடம் கேட்டபோதே என் நினைவுக்கு வந்தது அது ஒன்றுதான். யோசிக்க எதுவும் இல்லை, சொல்லத்தான் தைரியம் இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பையனுக்கு இரண்டு. தலைக்குக் குளிக்க நான்தான் வெந்நீர் போட்டேன். கொதிக்கக் கொதிக்க இறக்கி, குளியலறை வாசலில் தரையிலேயே வைத்தேன். அப்போது போன் அடித்தது. இவர்தான் கூப்பிட்டார். இவரைப் பற்றி அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டு போனேன். எத்தனை நேரம் பேசினேன் என்று இன்று வரைக்கும் தெரியாது. பையன் அலறியபோதுதான் எனக்கு வெந்நீர் ஞாபகம் வந்தது.

அம்மா ஓடி வந்து, "யாரு இங்க வெச்சது?" என்று கத்தினாள். நீங்கள் பையனைத் தூக்கிக்கொண்டு, "நான்தான் அத்தை, தப்பு என் மேலதான்" என்றீர்கள். நான் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பதற்றத்தில், வழக்கம்போல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டீர்கள், யார் வைத்தது என்று உங்களுக்கே தெரியாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அண்ணன் நாற்பது நாள் உங்களோடு பேசவில்லை. அம்மா பையனைத் தன் அறையில் படுக்க வைத்துக்கொண்டாள். கண் மூடும் வரைக்கும், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "வெந்நீர் வெக்கத் தெரியாதவ" என்று உங்களைச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாணம் செய்துகொண்டு போய், உங்கள் கடிதங்களில் நீங்கள் கேட்கும் மன்னிப்புகளுக்குச் சிவப்புக் கோடு போட்டு விளையாடினேன். 

அண்ணி, என்னை மன்னித்துவிடுங்கள்.

வக்கீலம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். மே முப்பதாம் தேதி விசாரணை. நான் வந்து இதைச் சொல்லப்போகிறேன். அண்ணனும் அங்கே இருப்பான் என்று தெரியும். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள்
சில்வண்டு


ஏப்ரல் 26

சில்வண்டே,

வேண்டாம். வராதே. உன் அண்ணன் தாங்க மாட்டார். ஒரு கைக்காக ஓர் அண்ணன் தங்கை உறவைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

மற்றதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. கை வலிக்கிறது.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள சில்வண்டுக்கு,

இது வலது கை எழுத்து. பென்சிலில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் முடிகிறது. இதைத் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது, அதனால் அவசரமாகப் படிக்காதே.

வேண்டாம் என்று எழுதியும் வந்தாய். தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்லிவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை. நீ போன பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

கம்பெனி வக்கீல் உன்னைப் பார்த்து, "இருபத்திரண்டு வருஷம் மறைச்சவங்க இன்னைக்கு மட்டும் உண்மை சொல்றீங்கன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டாரே, அப்போது எனக்கு எழுந்து போய் அவரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும் போல இருந்தது. "அன்னைக்கு நான் பேசாம இருந்தேன், அவங்க பேரு போச்சு. இன்னைக்கும் பேசாம இருந்தா அவங்க பொழப்பும் போயிடும்" என்று நீ சொன்னாய்.   உன் அண்ணன் எழுந்து வெளியே போனதை நீ பார்த்தாய். அதனால்தான் ஓடினாய் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு அடுத்ததாகப் பைக்காரரைக் கூப்பிட்டார்கள். கம்பெனி எழுதிக் கொடுத்த தாள் அவர் கையில் இருந்தது.  அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அந்தம்மா நின்னுக்கிட்டுதாங்க இருந்தாங்க. நான்தான் மேல ஏறினேன்" என்றார். மறுநாளே அவர் ஐடியை முடக்கிவிட்டார்கள். வக்கீலம்மா அதற்கும் ஒரு மனுப் போடலாம் என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார். இப்போதைக்குப் பழைய பள்ளிக்கூட வேனுக்கே போகிறார். போன வாரம் ரோட்டில் என்னைப் பார்த்து, வேனை ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்திவிட்டு வணக்கம் சொன்னார்.

தீர்ப்பு உன் ஆபீசுக்கு வந்திருக்கும். கம்பெனியும் அதன் இன்சூரன்ஸும்தான் பொறுப்பு, ஓட்டியவர் எதுவும் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிகிச்சை, போன சம்பளம், கைக்கு இனி வராத வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தர வேண்டும். மேல்கோர்ட்டுக்குப் போனாலும் போவார்கள், போகட்டும். ஸ்க்ரூ இனி என்னால் முடியாது. முதலாளி என்னை முன்பக்கம் உட்கார வைத்து, கண் அளவு பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். சுவரில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள் என்று சத்தமாகச் சொல்கிறேன். அதிகாரமாக இருக்கிறது, பிடித்திருக்கிறது.

உன் அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து நின்று, "நாப்பது நாள் உங்கூடப் பேசாம இருந்தேனே, நீயாவது சொல்லியிருக்கலாமில்ல" என்றார். சொன்னால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.  என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கித் தானே தேய்த்தார். அன்றிலிருந்து தினமும் தேய்க்கிறார், பாத்திரத்தில் சோப்பு வாசனை போவதில்லை. பையனிடமும் அவரே சொன்னார். "அத்தையா? அப்ப எனக்கு ஒரு பைக் வாங்கித் தரச் சொல்லுங்க" என்றான் அவன்.

இனி நான் எழுதாமல் வைத்திருந்தது.

அந்த வெந்நீரை யார் வைத்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன் ஷாம்பு பாட்டிலும் துண்டும் பக்கத்திலேயே இருந்தன. வயர் எட்டும் மட்டும் ரிசீவரை இழுத்துக்கொண்டு நீ கூடத்து மூலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டுத்தான் துணி உலர்த்தப் போனேன். யாரோடு பேசுகிறாய் என்றுகூட ஊகித்திருந்தேன். உன் அம்மா கேட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்று சொல்லியிருந்தால், யாரோடு பேசினாய் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். உன் கல்யாணம் அன்றோடு நின்றிருக்கும். பொம்மையிடமும் மழைக்கும் நான் கேட்டது பழக்கம். இது பழக்கத்தில் வந்தது இல்லை. தெரிந்தே சொன்னேன். அந்த நடைபாதையில் சொன்னதும் ஏறக்குறைய அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் என்னைத் தியாகி ஆக்கிவிடாதே. எனக்குக் கோபம் இருந்தது. உன் மேல் கொள்ளை ஆசையும் இருந்தது, கோபமும் இருந்தது. சாயங்காலம் நீ வந்து, அம்மாவிடம் வேண்டாம், என்னிடம் மட்டுமாவது சொல்லுவாய் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்லுவாய் என்று நினைத்தேன். பிறகு உன் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்து முதலில் கடைசிப் பத்தியைத்தான் படிப்பேன். கஷ்டமான விஷயத்தை எல்லோரும் அங்கேதானே எழுதுவார்கள். "பையனுக்கு என் அன்பு" என்று இருக்கும். மடித்து வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மேலேயிருந்து படிப்பேன். அத்தனை வருடமும் இப்படித்தான் படித்தேன். நீ என்னுடையதை எண்ணிக்கொண்டிருந்தாய், நான் உன்னுடைய ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் கடிதத்தில் அது வந்துவிட்டது. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே தோன்றவில்லை. இத்தனை வருடம் அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, இதுவரை ஒருவரும் மன்னிப்புக் கேட்டு என்னை இதைச் சொல்லவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் உனக்குப் போன் செய்வார். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார், ஸ்பீக்கரில் போடப்போவதில்லையாம். எடு. திட்டினால் கொஞ்சம் திட்டு வாங்கிக்கொள், பிறகு லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பத்து நாள் இரு.

இந்தக் கடிதத்தில் உன் சிவப்புப் பேனாவுக்கு வேலை இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள். உன் ஏப்ரல் கடிதத்தில் ஒரே ஒரு வரிக்கு நான் கோடு போட்டேன், கோணலாக வந்திருக்கிறது. நம் வழக்கப்படி அதை உனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்ப மாட்டேன். அது என்னுடையது.

உன்
அண்ணி